ஒரு விரல் கமலக்கண்ணன்

“எந்தக் கம்பெனிக்காரன் லைட்டா இருந்தாலும் என் பேச்சைக் கேக்கும் முசே. எரியணுமா, அணையணுமா, இந்த ஒரு விரல் போதும்.”

முத்தியால்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கமலக்கண்ணன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பிரான்சுவாவின் வீட்டுக் கூடத்தில். அவரை அந்தத் தெருவே முசே என்றுதான் அழைக்கும். அவருடைய இளைய மகன் ஜோசப் ஆனந்துக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தொழில். அவனுக்காகக் கமலக்கண்ணன் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டருக்கு மூன்று பக்கமும் கண்ணாடி, மீன்தொட்டி போல. காற்றாடி ஒரு கம்பெனி, ராம் என்கிற மெமரி இன்னொரு கம்பெனி, மதர்போர்டு வேறொருவன். எல்லாவற்றிலும் விளக்கு. அன்று எல்லாம் ஒரே நீலத்தில் எரிந்தன என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். கமலக்கண்ணன் வீட்டுச் சமையலறையில் டியூப்லைட் மாதக்கணக்கில் கண்ணடித்துக்கொண்டிருப்பதை வரலாறு கண்டுகொள்ள வேண்டாம்.

சென்ற மாதம் பிரான்சுவா இறந்துபோனார். கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் அவரைக் கூடத்தில் கிடத்தினார்கள். பிரான்சிலிருக்கும் மூத்த மகனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அதனால் அதே கம்ப்யூட்டரிலிருந்து வயர் இழுத்துப் பெட்டியின் கால்மாட்டில் கேமராவை நிறுத்தி, அவர் அங்கிருந்தே அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்க ஏற்பாடு. சர்ச் பூசைக்குக் கிளம்பும்வரை நிறுத்திவிடாதீர்கள் என்று அழுது கேட்டிருந்தார்.

கமலக்கண்ணன் பூமாலையோடு நுழைந்தபோது ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் துயர மறை உண்மைகள். பிரான்சுவாவின் முகம் பச்சையாக இருந்தது. பிறகு ஊதா. பிறகு ரோஸ். நீலத்தை எப்போதோ மறந்துவிட்ட கம்ப்யூட்டரின் வானவில் முழுவதும் ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரில் மூத்தவரின் குரல் உடைந்தது. “தம்பி, அப்பா மேல என்னடா கலர் கலரா ஓடுது?”

“உயிரோட இருந்தப்ப கலர் சட்டைகூடப் போடாத மனுசன்,” என்றார் பிரான்சுவாவின் மனைவி வெரோனிகா.

ஜெபம் நின்றது. எல்லாரும் திரும்பி மாலையைப் பார்த்தார்கள். மாலைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தவரையும் பார்த்தார்கள்.

“ஒரு விரல்னீங்களேண்ணே,” என்று ஜோசப் ஆனந்த் காதோடு சொன்னான். “அமுக்குங்க.”

அமுக்கினார். காற்றாடிக் கம்பெனியின் மென்பொருளைத் திறந்து அணைத்ததும் காற்றாடி அடங்கியது. ராமை அடக்க அதன் மென்பொருளைத் திறந்தார். ராம் அடங்கியது, காற்றாடி சிவப்பாக விழித்துக்கொண்டது. மதர்போர்டுக்காரனைக் கூப்பிட்டார். அவன் வந்ததும் வராததுமாக எல்லா விளக்கையும் தன் வசமாக்கிக்கொண்டு, முன்னைவிட வேகமாகச் சுழலவிட்டான். கூட்டணி மந்திரிசபையில் எல்லாருமே முதல்வரானால் ஊர் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது கூடம். வயரைப் பிடுங்கலாமென்றால் ராம் விளக்குக்கு வயரே கிடையாது. கழுத்தில் வியர்வை ஓடியது. அதுவும் நிறம் மாறியபடி ஓடியது.

“வேணாம்ப்பா, உடு,” என்றார் வெரோனிகா. “அவரு உன்ன ரொம்ப நம்பிகினு இருந்தாரு. வர்றவங்க கிட்டல்லாம் உன் விரலப் பத்திதான் பேசுவாரு.”

திட்டியிருந்தால் கமலக்கண்ணன் கோபித்துக்கொண்டு கடைக்குப் போயிருப்பார். இதற்கு எங்கே போவது?

ஒரு போர்வை கேட்டு வாங்கினார். கம்ப்யூட்டரைப் போர்த்தினால் சூடேறி நின்றுவிடும். மூத்தவர் அப்பாவை இரண்டாம் முறை இழப்பார். ஆகவே அதற்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே நின்று, போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்துக் கைகளை அகல விரித்தார். பிரான்சுவாவின் முகத்துக்கு அதன் சொந்த நிறம் திரும்பியது. ஜெபமாலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

“தம்பி, கைய விரிச்சிகினு நிக்கிறது யாருடா?” என்றது ஸ்பீக்கர்.

“லைட்டு வேலை செஞ்சவருண்ணே.”

“அப்படியே நிக்கச் சொல்லு.”

நின்றார். தோள் கடுத்தது. யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிமேல் வைத்திருந்த பூமாலையிலிருந்து ஒரு ஈ கிளம்பி வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது. விரட்டுவதற்கு ஒரு விரல்கூட மிச்சமில்லை.