சன்னாசி காட்டிய சாப்பாட்டுக் கடைகள்

லகாட்டுக்கு அடுத்த கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷ வாக்கில், யார் ஈப்போவுக்குக் கிளம்பினாலும் முதலில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்ச் சன்னாசியைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சன்னாசி தோட்டத்து வண்டிக்காரர். காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை வாரம் மூன்று நாள் ஈப்போ ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போவார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சொந்தமென்று ஒரே அக்காள் வீரம்மா, அவள் மகள் பாப்பா. அக்காள் புருஷன் மலைக்காய்ச்சலில் போன பிறகு அந்த வீட்டுக்கு ஆண்துணை இவர்தான்.

"காலையில போறியா? ஸ்டேஷனுக்கு எதுக்க நவமணி அக்கா இட்லிக் கூடை. மொத ரயிலுக்கு முன்னாடி போயிரு. ரெண்டாவது ரயிலு வந்துட்டா சட்னியில கிந்தா ஆறு ஓடும்லா. மத்தியானம்னா மதார் சாகிப் கடை. மீன் கொழம்பு இன்னிக்கு வச்சதக் கேக்காத, நேத்து வச்சதக் கேளு. வெள்ளிக்கெழம மட்டும் போகாத. அவரு பள்ளிவாசலுக்குப் போயிருவாரு, மச்சினன் கரண்டி பிடிப்பான். அவன் கொழம்பத் தின்னா தொழுகைக்கு நாமளும் போகணும்."

கோயிலுக்கு வழி கேட்டால்கூட இரண்டு பலகாரக் கடையைச் சொல்லி, நடுவில் கோயில் என்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

பாப்பாவை அதுவரை இரண்டு இடத்தார் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போயிருந்தார்கள். தகப்பன் இல்லாத பெண் என்று ஒரு சாக்கு. மூன்றாவதாகப் பீடோரிலிருந்து வருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். மாப்பிள்ளை சீனி, ஷீட் புகைபோடும் கொட்டகையில் வேலை. கூடவே அவன் தாய் இருளாயி, அவளுடைய அண்ணன் உடையப்பன். இதுவும் தட்டிப்போனால் பிறகு யாரும் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள் என்று வீரம்மாவுக்கு நெஞ்சில் இடி.

பெண் பார்க்க வருகிறவர்கள் பேசி முடிக்கும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சோற்றில் கை வைத்தால் சம்மதம் சொன்ன மாதிரி. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"தம்பி, ஈப்போ ரயிலடியிலருந்து நேரா வீட்டுக்குக் கூட்டியா. ஒரு கடையிலயும் வண்டிய நிறுத்தாத" என்றாள் வீரம்மா. பசியோடு வந்து கோழிக் குழம்பு வாசனையைப் பிடித்தால் சீக்கிரம் சம்மதிப்பார்கள் என்பது அவள் எண்ணம்.

சன்னாசி நிறுத்தியிருக்கவே மாட்டார். ஆனால் அவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி பாலம் ஏறுகிறபோது உடையப்பன் வாயைக் கொடுத்தார்.

"ஈப்போச் சாப்பாட்டுக்கு ஒங்களத்தான் கேக்கணுமாமே? எங்க பீடோருக்கு முன்னால ஈப்போவுல என்னய்யா இருக்கு, வெறும் ஈயச் சொரங்கத் தண்ணி!"

மாடுகளுக்கே மதார் சாகிப் கடை தெரியும். சன்னாசி கயிற்றைச் சும்மா தொட்டார், அவை அங்கே போய் நின்றுவிட்டன.

நேற்று வைத்த மீன் குழம்பு வந்தது. இருளாயி மீன்தலையைப் பிய்த்து உறிஞ்சினாள். சீனி தலை நிமிரவில்லை. உடையப்பன் இரண்டாம் தடவை சோறு வாங்கினார், ஆனால் நன்றாயிருக்கிறதென்று வாயால் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து மதார் சாகிப் குழம்பு வாளியோடு வந்தார்.

"யாரு சன்னாசி, விருந்தாளியா?"

"நம்ம பாப்பாவப் பாக்க வந்தவுங்க, பாய்."

"அட, பேசி முடிச்சாச்சா! தாய்மாமன் எலையில கை நனைச்சுட்டாங்களே!"

உடையப்பன் கையிலிருந்த கவளம் வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றது.

"பொண்ணு மூஞ்சியக்கூடப் பாக்கல. சோத்தப் போட்டு மடக்கப் பாத்தீரா?"

"ஐயோ அண்ணே, சத்தியமா எனக்குத் தோணல! இது கடைதானே, வீடு இல்லையே!"

"கூப்புட்டது யாரு? தாய்மாமன். அப்ப எல யாரு வீட்டு எல? எந்திரிம்மா, அடுத்த ரயிலுக்குப் போலாம்."

சன்னாசி எழுந்து கடை வாசலை மறித்து நின்றார். அக்காள் முகத்தில் எப்படி விழிப்பது? ஊருக்கெல்லாம் கடை சொல்லிக் கொடுத்துவிட்டு, பெற்ற மகள் மாதிரி வளர்த்த பெண்ணின் வாழ்வில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"அண்ணே, இதுக்கு வழி இருக்கு. நான் ஒங்களுக்குச் சோறு போட்டேன். நீங்க எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்துருங்க. அதுக்கு இது சரியாப் போச்சு. யாருக்கும் பாக்கியில்ல."

உடையப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஹைலாங்காரன் என்கிற சீனனின் காப்பிக் கடை இரண்டு கடை தள்ளித்தான். "கோப்பத் தட்டுல ஊத்திக் குடிங்கண்ணே, அப்பத்தான் கொட்ட வறுத்த வெண்ண வாசம் ஏறும்" என்று அந்த இக்கட்டிலும் சன்னாசி சொல்லிக் கொடுத்தார். உடையப்பன் செலவில் சன்னாசி காப்பியும் ரொட்டியும் முடித்து வாயைத் துடைத்ததும் இருளாயி சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

"என்னம்மா?" என்றார் உடையப்பன்.

"அண்ணே, மொதல்ல நாம மட்டுந்தான் கை நனைச்சிருந்தோம். இப்ப பொண்ணோட தாய்மாமனும் நம்ம காசுல கை நனைச்சாச்சு. மிச்சம் தாலி ஒண்ணுதான்!"

உடையப்பன் தட்டையும் சன்னாசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவன் வெவகாரமான ஆளுலா" என்றார். சன்னாசிக்கோ அப்போதுதான் விஷயமே விளங்கியது. தட்டைத் தூக்கி, அதில் இல்லாத காப்பியை உறிஞ்சினார்.

"பொண்ணு புடிக்கலன்னா எந்தக் காப்பியும் செல்லாது, சொல்லிட்டேன்" என்றாள் இருளாயி வண்டியில் ஏறும்போது. லகாட் வரும்வரை சன்னாசி எந்தக் கடைப் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீரம்மா, மூவரும் ஏப்பம் விடுவதைக் கேட்டதுமே தம்பியை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். பாப்பா வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். இருளாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நடை, கை, காது எல்லாம். பிறகு, "ஏதாச்சும் கேக்கணுமா தாயி?" என்றாள்.

பாப்பா தலையைக் குனிந்தபடியே, "மாமா எந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு?" என்றாள்.

"சாகிப் கடை. பொறவு ஹைலாங்காரன் கடை" என்றான் சீனி. காலையிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அது.

"ஊருக்கெல்லாம் வழி சொல்றாரு. என்னய ஒரு நாளும் கூட்டிட்டுப் போனதில்ல" என்றாள் பாப்பா. அவள் கண் கலங்கிவிட்டது.

சன்னாசி வெற்றிலைத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் சீனி.

இருளாயி அண்ணனைப் பார்த்தாள். உடையப்பன் இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார்.

"எலையப் போடச் சொல்லுங்க, மச்சான்" என்றார் சன்னாசியிடம். "கோழி காலு மட்டும் போதும். வயித்துல எடமில்ல."