காயாத கத்தரிப்பூ மை

பொறாமை என்பது எனக்குக் கிடையவே கிடையாது என்று ஐம்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்தவள் நகை, அடுத்தவள் கார், அடுத்தவள் பிள்ளை வாங்கிய மார்க், எதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. கடைசியில் ஒரு வாழ்த்து அட்டைக்குப் போய் வயிறு எரிந்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில், அக்கரைக்குப் போகும் ஃபெரித்துறைக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குகளைப் பார்க்கும் ஒரு ஆபீஸில் எனக்கு குமாஸ்தா வேலை. பகல் முழுக்க ஃபாரங்களில் சாப் குத்துவேன். முத்திரைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். வீட்டுக்குப் போனால் அங்கேயும் சாப்தான், ஆனால் பூ, இலை, குருவி. "பகல்ல குத்துனது பத்தலையா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். சாப்பாட்டு மேசையில் பாதி என்னுடைய அட்டைகளுக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது.

ரப்பர் முத்திரைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. அதைவிட எனக்கு உயிர், வெட்டுத் தகடுகள். டை என்று சொல்வோம். பூ வடிவத்திலோ வளைய வடிவத்திலோ இருக்கும் மெல்லிய இரும்புத் தகடு, ஓரம் மட்டும் கூர். காகிதத்தின்மேல் அதை வைத்து, கைப்பிடி உள்ள சின்ன இயந்திரத்தில் செருகிச் சுற்றினால் அந்தப் பக்கம் பூ வெட்டுப்பட்டு வந்து விழும். கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நான் ஏழு ஜென்மம் உட்கார்ந்தாலும் அப்படி வெட்ட வராது.

ஆபீஸில் யார் வேலையை விட்டுப் போனாலும், யாருக்குக் கல்யாணம் என்றாலும், பெரிய அட்டை ஒன்று மேசை மேசையாகப் போகும். எல்லோரும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பதினெட்டு வருஷமாக அந்த அட்டையைச் செய்தது நான். யாரும் என்னை நியமிக்கவில்லை. ஆனாலும் அது என் இடம்.

எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தீவிலேயே கெலுகோரில் வீடு. எனக்கு அவர் அக்கா. மத்தியானம் முட்டையும் குழம்புமாக ஒரு பொட்டலம் நாசி கண்டார் சோறு வாங்கி இரண்டு பேரும் பிரித்துச் சாப்பிடுவோம். அவருடைய பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நான் செய்து கொடுத்த அட்டைகளை ஒன்றுவிடாமல் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். நான் செய்வதை அவரைப் போல ரசித்தவர் வேறு யாரும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருத்தி புதிதாக வேலைக்கு வந்தாள். அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, அதோடு ஃபெரி ஏறி, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழைவாள். முடியெல்லாம் கலைந்திருக்கும். அப்போதும் பார்க்க லட்சணமாக இருப்பாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

என் அட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு, தானும் செய்ய வேண்டும் என்றாள். "அக்கா, வெட்டுன மிச்சம் இருந்தா குடுங்களேன்" என்று கேட்டாள். பூவை எடுத்தபின் நடுவில் பூ வடிவத்தில் ஓட்டை விழுந்து கிடக்கும் காகிதங்களை, குப்பைக்குப் போவதற்குப் பதிலாக உனக்கு என்று ஒரு பை நிறையக் கொடுத்தேன். பெரிய மனசு பண்ணிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அந்த தீபாவளிக்கு அவள் ஓர் அட்டை கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினாள். என்னுடைய அதே ஓட்டைக் காகிதம். ஓட்டையை ஜன்னலாக வைத்து, பின்னால் ஆரஞ்சுத் தாள் ஒட்டி, பாதி மறைந்த மாதிரி ஒரு குருவியை சாப் குத்தியிருந்தாள். குருவி ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது.

"பாத்தியா, நீ தூக்கிப் போட்டத வச்சி எப்படி செஞ்சிருக்கா!" என்றார் அக்கா. அவர் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

"நல்லாருக்குலா" என்றேன். அன்று வீட்டில் அதே மாதிரி செய்து பார்த்தேன். குருவி ஜன்னலில் மாட்டிக்கொண்டு முழித்தது.

அதற்குப் பிறகு மத்தியான மேசைக்கு மூன்றாவது நாற்காலி வந்தது. நாசி கண்டார் இரண்டு பொட்டலம் ஆனது. அவள் சிரித்தால் அக்காவும் சிரித்தார். நான் முட்டையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டேன்.

போன வருஷம் அக்காவுக்கு அறுபது வயது, ஓய்வு. அவருக்கு என்ன அட்டை செய்வது என்று நான் மாதக்கணக்கில் மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன். தாள்கூட வாங்கிவிட்டேன். அந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், அவள் லீவில் இருந்தபோது, அக்கா சொன்னார்.

"என் கார்ட நீ செய்யாத. அந்தப் பிள்ளகிட்ட சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"நீ செய்யிற கார்டுல நீ ஒண்ணுமே எழுதுறதில்ல. எல்லாரும் எழுதி முடிச்சதும் ஓரத்துல பேர மட்டும் போட்டுட்டுப் போயிடுவ. எனக்குத் தந்ததுலயும் அதான். இந்தத் தடவ நீ சும்மா உக்காந்து எனக்கு நாலு வரி எழுது. போதும்."

என் காதில் முதல் இரண்டு வாக்கியம்தான் விழுந்தது. மற்றதை ஆறுதல் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸில் அக்காவின் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு தாசேக் கெலுகோர்க்காரி என் மேசைக்கு வந்தாள். அக்காவுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறத்தில் பூ குத்த வேண்டுமாம், அவளுடைய மைப்பெட்டி காய்ந்துபோய்விட்டதாம். என்ன அட்டை என்று கேட்டேன். முத்து மாதிரிப் பளபளக்கும் அட்டை என்றாள். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

என்னிடம் கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு மைப்பெட்டிகள் உண்டு. ஒன்றின் மை குத்திய உடனே காய்ந்துவிடும். மற்றது கெட்டி மை. சாதாரணத் தாளில் குத்தினால் அழகோ அழகு. பளபளப்பு அட்டையில் சூடான காற்று காட்டாவிட்டால் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். விரலில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது. ஒரு தடவை நகக்கண் எல்லாம் கத்தரிப்பூ நிறமாக ஆபீஸுக்கு வந்தபோது இதை நானே அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கெட்டி மையை எடுத்துப் பையில் போட்டேன். கை தவறிப் போடவில்லை.

"இது காஞ்சிருமாக்கா?" என்று கேட்டாள்.

"காஞ்சிரும்லா. ஒரு நைட்டு வச்சா போதும்" என்றேன்.

அக்காவின் கடைசி நாள் காலையில் அட்டை ஒரு பெரிய ஃபைலுக்குள் ஒளிந்துகொண்டு மேசை மேசையாகக் கிளம்பியது. எதிர் மேசையில் திறந்தபோது பார்த்தேன். நாலு பக்க ஓரத்திலும் கத்தரிப்பூக்கள், நடுவில் எழுத இடம், மேலே டையில் வெட்டிய ஒரு ஜன்னல். நான் மனசுக்குள் வரைந்ததைவிட நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அது நாசமாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

போயிற்று. எழுதும்போது எல்லோரும் ஓரத்தில் கையை ஊன்றினார்கள். பூக்கள் இழுபட்டன. மலாய்க்கார அக்கா ஒருவர் கையைத் தூக்கி, "அலாமா, என் கைய பாரு!" என்று கத்தினார். அவள் ஓடிவந்து பார்த்தாள், முகம் சுண்டிப்போனது. "சாரி, சாரி, என் தப்பு, சரியா காய வைக்காம கொண்டாந்துட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"அக்கா, இப்ப என்ன செய்யிறது?"

எங்கள் கழிவறையில் கை காய வைக்கும் சூடான காற்று இயந்திரம் இருக்கிறது. அதன் அடியில் இரண்டு நிமிஷம் பிடித்திருந்தால் மிச்சமாவது பிழைத்திருக்கும்.

"இனிமே ஒண்ணும் செய்ய முடியாது" என்றேன்.

ஃபைல் என் மேசைக்கு வந்தபோது அட்டையை அடிப்பக்கமாக இரண்டு விரலால் மட்டும் பிடித்தேன். பேனா நுனி தவிர எதுவும் பூக்கள் பக்கம் படவில்லை. 'வாழ்த்துகள்' என்று எழுதிப் பேரைப் போட்டேன்.

சாயங்காலம் கேக் வெட்டியபின் அக்கா அட்டையைத் திறந்தார். எங்கும் கத்தரிப்பூ நிறக் கைரேகை. எல்லோரும் சிரித்துக்கொண்டே தங்கள் கைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பேன்ட்ரி சோப்பால் எத்தனை தடவை தேய்த்தும் போகவில்லை என்றார்கள். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, ஒவ்வொரு விரல் தடத்தையும் யாருடையது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். நான் கெடுக்க நினைத்தது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அதற்கும் எனக்கு எரிந்தது.

கூட்டம் கலைந்து அக்கா என் மேசைக்கு வந்து நின்றபோது, அவள் டிஷ்யூவில் சுற்றிய மைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"தேங்ஸ்கா. நீங்க சொன்ன மாதிரி ஒரு நைட்டு வச்சேன். நான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்" என்றாள். அவள் போகும் வரை அக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வலது கையை எடுத்துத் திருப்பினார்.

"நீ எழுதலையா?"

"எழுதுனேன்க்கா. கை கழுவிட்டேன்."

"இந்த மை கழுவுனா போகாதுன்னு நீதான சொன்ன."

கையை இழுத்துக்கொண்டேன். அக்கா அட்டையைத் திறந்து என் பேர் இருந்த மூலையைத் தேடினார். அங்கே மட்டும் பூ இழுபடாமல் குத்தியபடியே இருந்தது.

"எல்லாரும் கைய வச்சி எழுதியிருக்காங்க" என்றார். "நீ மட்டும் தொடவே இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பக்கத்து மேசைக்கு இப்போது அவள் மாறி வந்துவிட்டாள். மத்தியானம் நாசி கண்டார் சாப்பிடலாமா என்று கேட்கிறாள், நான் வயிறு சரியில்லை என்கிறேன். வீட்டில் முத்திரை டப்பாவைத் திறக்காமல், பூ இல்லாத ஒரு வெறும் தாளை எடுத்துவைத்து அக்காவுக்கு அந்த நாலு வரியை எழுதப் பார்க்கிறேன். முதல் வரி வந்துவிட்டது: அக்கா, அந்த மை காயாது என்று எனக்குத் தெரியும். மிச்சம் மூன்று வரி இன்னும் வரவில்லை.