பேர் விழுந்த பாத்திரம் திரும்பாது

பாத்திரக் கடைத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: பேர் வெட்டாத வரைக்கும் பாத்திரம் கடைக்குத் திரும்பலாம்; பேர் விழுந்துவிட்டால் யார் வந்து கெஞ்சினாலும் திரும்பாது. எவர்சில்வர் குடம் வாங்கினால், கடை வாசலில் ஒருத்தன் அதை மடியில் சாய்த்துக்கொண்டு உளியால் புள்ளி புள்ளியாக உங்கள் பேரை வெட்டித் தருவானே, அவன்தான் நான். மதுரை மாசி வீதியில் ஒரு கடையில் அந்த வேலை.

எனக்கு இருக்கிற வியாதிக்கு இதைவிட ஆபத்தான இடம் கிடையாது. சில மாதம் மனசு தரையிலேயே நிற்காது. தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம். பார்த்ததையெல்லாம் வாங்க வேண்டும், பார்த்தவருக்கெல்லாம் கொடுக்க வேண்டும். அது இறங்கிவிட்டால் பாயை விட்டு எழுந்திருக்க முடியாது. ஏறும்போது வாங்கின கடனை இறங்கும்போது அடைக்க வேண்டும் என்பதுதான் இதில் பெரிய கொடுமை. நம்மில் இந்த வியாதி உள்ளவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தெருவுக்கே சீர்

எமர்ஜென்சி முடிந்த சமயம், ஒரு சித்திரையில் எனக்கு நன்றாக ஏறியது. அப்போது ஒத்தக்கடையில் குடியிருந்தோம். தெரு முழுக்க எவர்சில்வர் கொண்டுபோய் இறக்கினேன். பக்கத்து வீட்டுக்குக் குடம், எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டு, தபால்காரருக்குத் தூக்குவாளி, தினமும் என்னை டவுனுக்கு ஏற்றிவருகிற பஸ் கண்டக்டருக்கு ஒரு டம்ளர். எல்லாவற்றிலும் அவரவர் பேரை நானே ஆசை ஆசையாக வெட்டினேன். விஷயம் தெரிந்ததும் என் மனைவி சரோஜா வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்ப வாங்கிவந்தாள். ஜனங்கள் கொடுத்துவிட்டார்கள். கடைதான் வாங்கவில்லை. ஊரார் பேர் போட்ட பாத்திரத்தை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? இன்றைக்கும் எங்கள் வீட்டு மோர் தபால்காரர் தூக்குவாளியில்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் பணம், தண்டலுக்கு விடுகிற தவமணி அண்ணனிடம் வாங்கியது. அவர் சும்மா கொடுப்பாரா? ஒத்தக்கடையில் எங்களுக்கு மூன்று சென்ட் இடம் இருந்தது. திருவாதவூரில் என் மாமனார் வயலில் ஒரு துண்டை விற்று, மகள் வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று கொடுத்த பணத்தில் வாங்கியது. பத்திரம் மட்டும் என் பேரில். அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்குள் அடைக்காவிட்டால் இடம் அவருக்கு. சரோஜா அந்த இடத்தில் சமையலறை எந்தப் பக்கம் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

கண்டக்டரிடம் மட்டும் அவள் டம்ளரைத் திருப்பிக் கேட்கவில்லை. அவராகவே ஒருநாள் என்னிடம் நீட்டினார்: "இத நீங்களே வச்சுக்கங்கண்ணே. ஒங்க வீட்டுக்காரம்மா பஸ் ஏறும்போதெல்லாம் எனக்கு டிக்கெட் கிழிக்கவே கை வரமாட்டேங்குது."

படுத்தவனிடம் வசூல்

ஆடி பிறக்கும்போது நான் இறங்கிவிட்டேன். வேலைக்குப் போகவில்லை, முகம் கழுவவில்லை, யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அழுகை வந்தது. தவமணி அண்ணன் தவணை கேட்டு வீட்டுக்கு வந்தார். கத்தப் போகிறார் என்று சரோஜா கதவோரம் நின்றாள். அவர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பக்கத்தில் ஆறிக் கிடந்த காபியைப் பார்த்தார். அவருடைய தம்பிக்கும் இப்படித்தானாம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநோய்க்கு என்று தனி டாக்டர் இருப்பதையும், எந்தக் கிழமை போனால் கூட்டம் குறைவு என்பதையும் அவர்தான் சொன்னார். வட்டியில் ஒரு பைசா குறைப்பதாகச் சொல்லவில்லை. தர்மவான் என்று நினைத்து நான் கண் கலங்கப்போக, அவர் அதையும் தடுத்துவிட்டார்.

"அழுகாத மாப்ள. நீ எந்திரிச்சு உக்காந்து உளியப் புடிச்சாத்தான் எனக்குக் காசு. அதுக்காகவாவது ஆஸ்பத்திரிக்குப் போ."

கோணல் எழுத்து

டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மனசு மெல்லத் தரைக்கு வந்தது. ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது! பெரிய நடுக்கம் இல்லை, காபி டம்ளர் தளும்புகிற அளவு. ஆபீஸில் வேலை பார்க்கிறவர் என்றால் சமாளித்துவிடலாம். எனக்குக் கைதானே பிழைப்பு? 'மீனாட்சி' என்று வெட்டினால் ஒரு எழுத்து மேலே, ஒரு எழுத்து கீழே. மாத்திரையை நிறுத்தினால் இடம் போகும்; போட்டால் வேலை போகும், வேலை போனாலும் இடம் போகும். நான்கு நாள் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பிறகு பயந்துபோய் டாக்டரிடமே சொன்னேன். அளவைக் கொஞ்சம் குறைத்தார். நடுக்கம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்டப் பழகிக்கொண்டேன்.

அப்படியும் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தரின் அண்டாவில் பேர் சரிந்துவிட்டது. சத்தம் போடுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அண்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: "இருக்கட்டும்ப்பா. எங்க நாத்தனா பேரும் பாண்டியம்மாதான். விசேஷ வீட்ல கோணலா இருக்கது என்னுதுன்னு தூக்கிட்டு வந்திருவேன்."

சனிக்கிழமைச் சம்பளம்

சம்பளத்தை என் கையில் கொடுக்கக் கூடாது என்று சரோஜாவும் முதலாளியும் பேசி முடிவு செய்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அவள் பஸ் ஏறி வருவாள். நான் உளி தட்டிக்கொண்டிருக்க, கல்லாவில் கை நீட்டி வாங்கிக்கொள்வாள். எனக்கு பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் சில்லறை. முதல் வாரம் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மீசை வைத்த ஆம்பிளைக்கு இது தேவையா என்று தோன்றியது. மூன்றாவது வாரம் பார்த்தால், சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவில் நடக்கும்போது நெஞ்சு படபடக்கவே இல்லை. பையில் காசு இல்லாதவனை எந்தக் கடையும் கூப்பிடுவதில்லை. இந்த நிம்மதி தெரிந்திருந்தால் கல்யாணமான அன்றே ஒப்படைத்திருப்பேன்.

கடையில் சிலர் கிண்டல் செய்தார்கள். கணக்குப்பிள்ளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் சிரிக்கேன்னு நெனைக்காத முருகேசா. எம்பொண்டாட்டியும் இப்புடி வந்து வாங்கிட்டுப் போயிருந்தா, சீட்டாட்டத்துல நான் கல்யாண மோதிரத்த விட்டுருக்க மாட்டேன்."

சாணைக்குப் போன உளி

மாத்திரை போட்டும் ஒருதரம் லேசாக ஏறியது. கேட்காதவர்கள் குடத்தில் எல்லாம் கிளி வெட்டிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் காலையில், அண்டா முதல் குங்குமச் சிமிழ் வரை ஒரு முழுக் கல்யாணச் சீரை எனக்கென்று கடனுக்கு எடுத்து அடுக்கினேன். பெண்ணுக்குச் சீர். எங்களுக்குப் பெண்ணே கிடையாது, பிறக்கப்போகிறவளுக்கு முன்னேற்பாடு. விற்பனையில் இருந்த காதர் பாய் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "நல்லா எடுத்திருக்க" என்று தூசிகூடத் தட்டி வைத்தார். பேர் வெட்டலாம் என்று பார்த்தால் உளியைக் காணோம். சாணைக்குப் போயிருக்கிறது, திங்கட்கிழமை வரும் என்றார். திங்கட்கிழமை கேட்டால் வியாழன் என்றார். வாடிக்கைக்காரர்கள் பாத்திரத்தைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி வெட்டி வாங்கினார்கள். அதற்குள் பாய் சொல்லியனுப்பி, சரோஜா என்னை டாக்டரிடம் அழைத்துப்போயிருந்தாள். நன்றாகத் தூங்கினேன். உளி வந்த அன்று அந்த அடுக்கைப் பார்த்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று நானே கேட்டேன். பேர் விழாததால் அத்தனையும் அலமாரிக்குத் திரும்பியது.

சாணைக்காரன் ஏன் இம்புட்டு நாள் வைத்திருந்தான் என்று விசாரித்தேன். பாய் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "எந்தச் சாணைக்காரன்? உளி எங்கைலி மடிப்புலதான்யா இருந்துச்சு. இடுப்புல குத்திக் குத்தி ஒரு வாரமா நான் சரியா ஒக்காரக்கூட இல்ல."

நாகமலை டீச்சர்

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். உச்சி வெயிலில் பட்டுச்சேலை, நிற்காத பேச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் டம்ளர். கண்ணில் அந்த மினுமினுப்பு. சொந்தக்காரரைக் கூட்டத்தில் அடையாளம் கண்டதுபோல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் உளியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, சாணைக்குப் போயிருக்கிறது, அடுத்த வாரம் வாங்க என்றேன். பணத்தைக் கட்டிவிட்டு, பாத்திரத்தைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் அவருடைய அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அது டீச்சரின் கல்யாணத்துக்கே சேர்த்த பணமாம். முதலாளி முணுமுணுத்துக்கொண்டேதான் எண்ணிக் கொடுத்தார். அண்ணனை ஓரமாக அழைத்து, எனக்கும் இதே வியாதிதான் என்று சொல்லி, டாக்டர் இருக்கிற இடத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். சில மாதம் கழித்து அந்த டீச்சரே வந்தார். நூல் சேலை, நிதானமான நடை. ஒரே ஒரு சம்படம் வாங்கி என் முன்னால் வைத்தார்.

"இப்ப வெட்டலாம்ண்ணே. ராத்திரி நல்லாத் தூங்குனேன்."

தவமணி வீட்டில்

கெடுவுக்குச் சில நாள் இருக்கும்போது கடைசித் தவணையோடு தவமணி அண்ணன் வீட்டுக்குப் போனோம். பத்திரத்தை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். நான் சரோஜாவைக் காட்டினேன். அவள் வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அப்போது அண்ணன் சொன்னார், நாணயமாகக் கட்டிவிட்டாய், வீடு கட்டப் பணம் வேண்டுமென்றால் இன்றைக்கே தருகிறேன், பத்திரம்கூட வேண்டாம் என்று. மாடி, கம்பி கேட், வாசலில் சிமெண்ட் யானை எல்லாம் ஒரு நொடியில் கண்ணில் வந்துவிட்டன. வாயைத் திறந்தால் வாங்கிவிடுவேன் என்று தெரிந்தது. "எனக்கு இனிமே கடன் குடுக்காதீக அண்ணே, நானே வந்து கால்ல விழுந்தாலும் குடுக்காதீக" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் சரோஜாவைப் பார்த்தார். வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள், முதல்முறையாக அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடன் வேணாம்ண்ணே, காபி இருந்தாக் குடுங்க. ரெண்டு வருசமா ஒங்க வீட்டுக்கு வாரேன், தண்ணி வாங்கிக் குடிக்கக்கூட எனக்கு மனசு வரல."

வியாதி போகவில்லை, மாத்திரை நிற்கவில்லை, மூன்று சென்டில் வீடு இன்னும் அஸ்திவாரத்தோடு நிற்கிறது. ஆனாலும் யாராவது கதவைத் தட்டினால் கடன்காரரோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காமல் நேராகப் போய்த் திறக்கிறேன் என்றால், நான் தேறிவிட்டேன் என்றுதானே அர்த்தம்?