மேனேஜருக்கு ஏழு

மேல்வீட்டில் குடியிருக்கும் பிள்ளைகள் சனிக்கிழமை மாலைகளில் பகடை உருட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாடகை குறைவு, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். போன வாரம் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைச் சொல்லப் போனவன், மேசைமேல் இருந்த இருபது முகப் பகடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

ஆட்டத்தில் பூதக் கூட்டம் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுதான் மிச்சம். "அது இன்னும் ஓடலையா?" என்று கேட்டேன். அவர்களில் ஒரு பெண் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அதெல்லாம் நாங்க பார்க்கறதில்லை அங்கிள். சாகற வரைக்கும் நின்னு அடிக்கும்."

தொட்டியைப் பற்றிச் சொல்லாமலே இறங்கி வந்தேன். மோட்டார் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது.

அவர்களுடைய பகடை கண்ணாடிபோல் மின்னுகிறது. அந்தக் காலத்தில் எங்களுடையதில் எண்கள் வெறும் பள்ளங்கள்தான். விளையாட்டுப் பெட்டியோடு ஒரு மெழுகுக் கிரேயான் வரும். அதைத் தேய்த்து நாமே பள்ளத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த மெழுகு வாசனையை எனக்குத் தனியாக நினைக்க வராது. ஈர வெற்றிலை வாசனையும் கூடவே வந்துவிடும். ஏனென்றால் அதைத் தேய்த்தது பரமத்தி வேலூரில், வெற்றிலை மண்டி ஒன்றின் மாடியில்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நானும், எருமப்பட்டித் துரைசாமியும், தட்டச்சர் சந்திரனும் அந்த மாடியில் வாடகைக்கு இருந்தோம். மூவரும் பிரம்மச்சாரிகள். அமெரிக்காவில் படித்த என் சித்தப்பா மகன் லீவுக்கு வந்தபோது ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து, ஆட ஆளில்லாமல் என்னிடம் விட்டுப் போனான். எது கையில் கிடைத்தாலும் முதலில் விதிமுறைகளைப் படிக்கிற ஜாதி நான். மிக்சி வாங்கியபோதும் அப்படித்தான், வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள். பெட்டியில் இருந்த புத்தகத்தை முழுக்கத் தமிழில் எழுதினேன். வீரர்களாக அவர்கள் இருவரும் ஆட, எதிரில் வரும் பூதம், பிசாசு எல்லாம் நான். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்ததும் ஆரம்பித்தால் மண்டியில் ஏலம் ஓய்வதுகூடத் தெரியாது.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு விதி. ஒவ்வொரு பூதத்துக்கும் இரண்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு தைரிய எண் உண்டு. கூட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும் சாதாரணப் பகடை இரண்டை உருட்ட வேண்டும். பாதிப் பேர் விழுந்ததும் இன்னொரு முறை. கூட்டுத்தொகை தைரிய எண்ணைத் தாண்டினால் மிச்சமிருப்பவை ஓடிவிடும். பன்னிரண்டு உள்ளது ஓடவே ஓடாது. எவ்வளவு நியாயமான ஏற்பாடு என்று யோசித்துப் பாருங்கள். எந்த சர்வீஸ் ரூலிலும் இவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை.

உள்ளூர்ப் பேய்களையெல்லாம் சேர்க்கலாம் என்று கிளம்பினேன். குட்டிச்சாத்தானுக்கு ஏழு, கொள்ளிவாய்ப் பிசாசுக்கு ஒன்பது. முனிக்கு எவ்வளவு என்று கேட்டதும் துரைசாமி எழுந்தே நின்றுவிட்டான். "முனியப்பன் இதுல வேண்டாமுங்ணா. அவரு ஓடறதாவது." பன்னிரண்டு போட்டால் ஓட மாட்டார் என்று விளக்கினேன். அவருக்குப் பகடை உருட்டுவதே தப்பு என்றான். முனியப்பனை விட்டுவிட்டோம்.

அவன்தான் இன்னொரு கேள்வியும் கேட்டான். "ஏனுங்ணா, பேய்க்கெல்லாம் எண்ணு இருக்குது, நமக்கு ஏன் இல்லை?"

புத்தகத்தில் அதற்கும் பதில் இருந்தது. வீரர்களுக்குப் பகடை கிடையாது, நிற்பதா ஓடுவதா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். வாத்தியார் தொனியில் படித்துக் காட்டினேன். துரைசாமிக்கு ரொம்பச் சந்தோஷம்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மேனேஜருக்கு ஆற்றோரத்தில் கரும்பு வெட்டு ஆரம்பித்தது. ஆபீஸ் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை அவருடைய வயலுக்குப் போய் வெட்டாட்களை மேய்க்க வேண்டும் என்றார். இரண்டு ஞாயிறு போனோம். பெட்டி மூடியே கிடந்தது. கரும்புச் சோகை கிழித்த கையோடு சந்திரன் முனகினான், துரைசாமி வெளிப்படையாகவே திட்டினான். மூவரும் ஒன்றாகப் போய் முடியாது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

நடைமுறையை வகுத்தது நான்தான், வேறு யார். முதலில் நான் பேசுவேன், ஞாயிறு விடுமுறை என்ற சர்வீஸ் விதியைச் சொல்வேன். அடுத்து துரைசாமி, பிறகு சந்திரன். மூவருக்கும் ஒரே வாக்கியம்: "ஞாயித்துக்கெழமை வர முடியாதுங்க." மாடியில் ஒத்திகைகூடப் பார்த்தோம். மேனேஜருக்கு என்ன எண் என்று சந்திரன் கேட்டான். குட்டிச்சாத்தானுக்கு உள்ள ஏழே போதும் என்றேன். உருட்டினோம், ஒன்பது விழுந்தது. மேனேஜர் ஓடிவிட்டார். துரைசாமி என் தோளைத் தட்டி, "நீங்க முன்னால போங்ணா, நாங்க பொறத்தாண்டயே நிப்போம்" என்றான்.

திங்கட்கிழமை நின்றோம். நான் வாக்கியத்தைச் சொன்னேன், விதியையும் சொன்னேன். மேனேஜர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆத்தூர்ல ஒரு எடம் காலியா இருக்குது. நீங்க நாளைக்கே போய்ச் சேந்துக்கங்க" என்றார். பிறகு துரைசாமியைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற?"

"நா ஒண்ணுஞ் சொல்லலைங்க. அண்ணன் கூப்பிட்டாரு, வந்தனுங்க."

சந்திரனை அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது.

ஆத்தூரில் என் பேச்சைக் கேட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார்கள். வேலூர் என்றேன். நல்ல ஊராச்சே, ஏன் வந்தீர்கள் என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் படுக்கையையும் விளையாட்டுப் பெட்டியையும் எடுத்துவர மாடிக்குப் போனேன். கரும்பு வயலில் இருப்பார்கள், சாவியை மண்டியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படியேறும்போதே பகடைச் சத்தம். பிறகுதான் தெரிந்தது, நான் விதியைச் சொன்னதில் மேனேஜர் கொஞ்சம் பயந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை யாரையும் கூப்பிடவில்லையாம். நடைமுறைப்படி பார்த்தால் வெற்றி எனக்குத்தான்.

என் நாற்காலியில் துரைசாமி. எதிரில் சந்திரனும், என் இடத்துக்கு வந்த புது ஆளும். என்னைக் கண்டதும் சந்திரன் டீ வாங்கப் போனான். துரைசாமி புது ஆளோடு ஆட்டத்தைத் தொடர்ந்தான். பக்கத்தில் என் கையெழுத்தில் என் தமிழ் விதிகள். குட்டிச்சாத்தான் கூட்டம். முதல் ஒன்று விழுந்தது. இரண்டு பகடைக்காகக் காத்திருந்தேன். பாதி விழுந்தது. யாரும் உருட்டவில்லை.

"இப்ப தைரியத்துக்கு உருட்டணுமே" என்றேன்.

துரைசாமி தலை நிமிரவில்லை. "அதை எடுத்துட்டமுங்ணா."

"ஏன்?"

"அதை உருட்டையில சந்திரன் எந்திரிச்சுப் போயர்றானுங்க."

தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டீ வருவதற்குள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். பெட்டியை அவர்களிடமே விட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து பஸ்ஸில் ஏற்ற முடியாது.

அந்த மாடி இப்போது இல்லை. இடித்துவிட்டுச் செல்போன் கடைகள் கட்டியிருக்கிறார்கள், கீழே வெற்றிலை வாசனை கிடையாது. பகடைக்குக் கிரேயான் தேய்க்கும் வேலையும் போயிற்று, எண்கள் அச்சாகியே வருகின்றன. வீரர்களுக்கு எண் தேவையில்லை என்று அழகான தமிழில் நான் எழுதிய தாள் எந்தக் கடையில் பொட்டலமாயிற்றோ.

இன்று சனிக்கிழமை. மேலே உருட்டுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், தொட்டியைக்கூட இப்போது சரியாக நிறுத்துகிறார்கள். சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிகிறது, பாதிக்கு மேல் விழுந்தாயிற்று. மிச்சமுள்ள பூதங்கள் அப்படியே நிற்கின்றன. ஓடலாமா என்று அவற்றுக்காக உருட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை.