பக்கிரிசாமியின் பித்தளைப் பலகை

“பக்கிரிசாமி பேரைக் கழட்டுறதுக்கு ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும்!”

மூன்று வருடங்களுக்கு முன்பு, கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் வளாகத்தில், இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் அவற்றில் உட்கார்ந்திருந்த எண்பது பேருக்கும் முன்னால் பண்டமாரான் பக்கிரிசாமி இப்படி முழங்கினார். மைக் வேலை செய்யவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. பின்னால், மின்சாரம் போனால் கைகொடுக்கப் புத்தம் புதிய டீசல் ஜென்செட் ஒன்று நின்றது. மூடிப்போன தொழிற்சாலை ஒன்றிலிருந்து வாங்கிப் பச்சைப் பெயின்ட் அடித்த வகையில் அது புத்தம் புதியதுதான். அதன் முகத்தில் நான்கடிக்கு இரண்டடியில் பித்தளைப் பலகை. “உபயம்: கொடைவள்ளல் பண்டமாரான் ப. பக்கிரிசாமி, லோரி முதலாளி.”

கொடைவள்ளல் பட்டத்தை அவருக்கு யார் வழங்கினார்கள் என்பது வரலாற்றில் தெளிவாக இல்லை. பலகை வெட்டிய கடைக்காரரைக் கேட்டால், “அவரேதான் பேப்பர்ல எழுதிட்டு வந்தாரு” என்பார்.

அன்று கூட்டத்திலிருந்து யாரோ, “மெஷினைவிட பேரு பெரிசா இருக்கே அண்ணே, அஞ்சு வருஷத்துல துருப்பிடிச்சு விழுந்துடும்லா” என்று சொல்லித் தொலைத்தார். அதற்குத்தான் அந்த முழக்கம். “எட்டு ஸ்குரூ! எட்டும் நானே முடுக்கினது!” என்று கூடுதல் ஆதாரமும் தரப்பட்டது.

நியாயமாகச் சொன்னால், ஜென்செட் தேவையாகத்தான் இருந்தது. பள்ளியைச் சுற்றிச் சாலை போடுகிறவர்கள் ஒரு பக்கம் தோண்டினார்கள். செம்புக் கம்பி திருடுகிறவர்கள் இன்னொரு பக்கம் தோண்டினார்கள். இரு தரப்பும் தங்கள் கடமையைச் சரியாகச் செய்ததால் வாரத்தில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் தண்ணீர் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிட்டால் நானூறு பிள்ளைகள் படிக்கிற இடத்தில் கழிப்பறை என்ன கதியாகும் என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. லோரித் தொழிலில் சேர்த்த பணத்தைப் போட்டு அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தவர் பக்கிரிசாமி. அதை யாரும் மறக்கவில்லை. மறக்க அவர் விடவுமில்லை.

அதே பள்ளியில் அவருடைய உபயமாக ஆறு மின்விசிறிகளும் சுழல்கின்றன. இறக்கைக்கு ஒரு துண்டாக ‘பக்’, ‘கிரி’, ‘சாமி’ என்று எழுதியிருக்கும். சுற்றினால் பெயர் மறைந்துவிடுகிறது என்பதால், யாராவது பெரிய மனிதர் வந்தால் விசிறியை நிறுத்தச் சொல்வார். பெரிய மனிதர்கள் வியர்வை வழிய அண்ணாந்து படிப்பார்கள்.

வாசலில் காவலர் ரெங்கசாமி வருகையாளர் புத்தகத்தை நீட்டினால் பக்கிரிசாமி அதைத் தொடமாட்டார்.

“அண்ணே, எல்லாரும் பேர் எழுதணும்ணே. ரூல்ஸ்.”

“என் பேரா? உள்ள பித்தளையில இருக்கு. போய்ப் படிச்சிட்டு வந்து நீயே எழுதிக்க.”

ஏன் இந்தப் பெயர்ப் பைத்தியம் என்று ஊரில் பலர் பல காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். பக்கிரிசாமியின் அப்பா துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை தூக்கினார். சம்பள நாளில் கூப்பிட்டதும், விபத்து நாளில் கூப்பிட்டதும் எண்ணைச் சொல்லித்தான்: இருநூற்றுப் பதினாலு. கழுத்தில் அந்த எண் பொறித்த தகடு. அவர் செத்தபோது வந்த மலர் வளையத்திலும் அதையே எழுதியிருந்தார்கள். பதினான்கு வயதில் அதைப் படித்த மகன், பிறகு வாழ்க்கையில் பித்தளையை நம்பத் தொடங்கினான்.

திங்கட்கிழமை தோறும் பக்கிரிசாமி பித்தளை துலக்கும் பிராசோ டப்பாவும் துணியுமாகப் பள்ளிக்கு வந்துவிடுவார். ஜென்செட்டுக்கு நேரெதிரே பாலர் வகுப்பின் ஜன்னல். ஷாமினி டீச்சர் அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். கண்ணெதிரே உள்ளங்கை அளவு எழுத்துகள் பளபளக்கும்போது அட்டைக்கு எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று அவர் அந்தப் பலகையையே பாடமாக வைத்துவிட்டார். மஹ்ஜபீன் என்ற ஆறு வயதுச் சிறுமி, ஜவுளிக்கடை ரபீக்கின் மகள், முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த தமிழ்ச் சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

“ப...க்...கி...ரி...சா...மி!”

அன்று அந்த மனிதர் பலகையின் ஒரே மூலையை அரை மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் ஜன்னலிலிருந்து, “பலகை தாத்தா!” என்று அழைப்பு வரும். “ம்... படி” என்பார் கடுமையாக. அவள் படிப்பாள்.

பிரச்சினை என்னவென்றால், மின்சாரம் போனதும் ஜென்செட் உறுமும். உறுமியதும் கறுப்புப் புகை கிளம்பி நேரே அந்த ஜன்னலுக்குள் போகும். மஹ்ஜபீனுக்கு மூச்சிரைப்பு. புகை வந்தால் அவளை மருந்துக் குழலுடன் அலுவலக அறைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். ஜன்னலைச் சாத்தினால் விசிறி இருந்தும் வகுப்பு வெந்துபோகும். புகைக் குழாயில் ஒரு வடிகட்டி பொருத்த வேண்டும், பதினாலாயிரம் ரிங்கிட் வெள்ளி ஆகும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி தங்கமணி கண்டுபிடித்தார். பலகாரச் சந்தை போட்டு ஆறாயிரம் சேர்த்தார்கள். மிச்சத்துக்குக் கொடையாளர் தேட வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் உணவகம் வைத்திருக்கும் கிஃபாயத்துல்லா, பக்கிரிசாமிக்குப் பழக்கமானவர். ஆகவே தங்கமணியைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கிரிசாமியே போனார். கிஃபாயத்துல்லா தே தாரிக் டீ வரவழைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல காரியம் தங்கச்சி. பேரு எங்க போடுவீங்க?”

“வடிகட்டி குழாய்க்குள்ள இருக்கும் அண்ணே.”

“சரி, குழாய் மேல எழுதலாம்ல?”

“நானூறு டிகிரி சூடு வரும். பெயின்ட் எரிஞ்சிடும்.”

கிஃபாயத்துல்லா கலங்கிவிட்டார். “அப்ப என் பேரும் எரிஞ்சிடும்லா! வேணாம் தங்கச்சி. குடிதண்ணி மெஷின் தரேன். முன்பக்கம் நல்ல அகலமா இருக்கும். ஏன், பக்கிரி அண்ணனையே கேளுங்க. அண்ணே, பேரு போட முடியாத சாமானுக்கு நீங்க குடுப்பீங்களா?”

பக்கிரிசாமிக்குப் பல குறைகள் உண்டு. பொய் அவற்றில் ஒன்றல்ல.

“மாட்டேன்” என்றார்.

திரும்பும் வழியில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் கார்கள் நகரவே இல்லை. பெட்டாலிங் ஜெயாவை ஒருவழியாகத் தாண்டியதும் தங்கமணி அவர் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்:

“நீங்க ஏன் அங்கிள் கூட வந்தீங்க?”

“லிஃப்ட் குடுக்க.”

வங்கியில் அவருக்கு எண்ணாயிரத்துச் சொச்சம் இருந்தது உண்மை. ஆனால் அது பண்டமாரான் பொது மண்டப வாசலில் எழுப்பவிருந்த அலங்கார வளைவுக்கு. பெயர் பதினெட்டு அங்குல உயரத்தில் வருவதாக ஏற்பாடு.

அடுத்த திங்கள் அவர் பலகையின் முதல் வரியைத் துடைத்து முடித்தும் ஜன்னலிலிருந்து சத்தம் வரவில்லை. இரண்டாம் வரியை வேண்டுமென்றே சத்தமாகத் துடைத்தார். அப்போதும் இல்லை. பித்தளையைத் தட்டிப் பார்த்தார்.

ஷாமினி டீச்சர் எட்டிப் பார்த்தார். “மஹ்ஜபீன் வரல அங்கிள். வெள்ளிக்கிழமை மூச்சு விட ரொம்ப சுசாவா போச்சு, கிளினிக் கொண்டு போனாங்க. இப்ப பரவால்ல. ஆனா ரபீக் அண்ணன் மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பாராம். புகை நிக்கலன்னா வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாராம்.”

“வேற தமிழ்ப்பள்ளிக்கா?”

“பக்கத்துல வேற தமிழ்ப்பள்ளி ஏது அங்கிள்?”

பக்கிரிசாமி துணியை மடித்தார். மூன்றாம் வரி அன்று துடைக்கப்படவில்லை. வரலாற்றில் இது முதல் முறை.

அந்த வாரமே பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஜீவன் என்ற டெக்னீஷியன் அளவெடுக்க வந்தான். தலைமையாசிரியர் கமலநாதன், தங்கமணி, பக்கிரிசாமி மூவரும் சுற்றி நின்றார்கள். ஜீவன் ஜென்செட்டை ஓடவிட்டான், புகையைப் பார்த்தான், ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், பலகையின் முன் நின்றான், சிரித்தான்.

“ஐயோ பாஸ், இதை யாரு இங்க அடிச்சா? மெஷினுக்குள்ள காத்து போற ஜன்னல் இது! பாருங்க, பின்னாடி முழுக்க கம்பித் தடுப்பு. முக்கால்வாசி மூடிக் கிடக்கு. இஞ்சின் மூச்சு விட முடியாம கறுப்பா கக்குது. இப்படியே வடிகட்டி போட்டா மூணே வாரத்துல கரி அடைச்சிடும். பதினாலாயிரமும் குப்பை.”

கமலநாதனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவர் இருமிய இருமலில் மூன்று வருட மௌனம் இருந்தது. தங்கமணி வானத்தில் எதையோ ஆராய்ந்தார்.

“எந்த மடையன் வேலை இது?” ஜீவன் ஸ்குரூக்களைத் தொட்டுப் பார்த்தான். “எட்டு ஸ்குரூ வேற! என்ன எழுதியிருக்கு அங்கிள்? எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, மலாய்ப் பள்ளியில படிச்சேன். டேஞ்சர்னு போட்டிருக்கா?”

பக்கிரிசாமி பலகையைப் பார்த்தார். 

“ஆமா” என்றார். “அப்படித்தான்.”

நாற்பது வருடம் லோரி ஓட்டி, லோரி வாங்கி, லோரி டிரைவர்களைத் திட்டியவர் அவர். “வண்டி கறுப்பா கக்கினா முதல்ல காத்து போற வழியைப் பாருடா, முட்டாள்” என்பது அவர் பட்டறையின் முதல் வேதம். அந்த வேதத்தை மறந்து, காற்றை அடைத்த பலகையை மூன்று வருடம் பிராசோ போட்டுத் துடைத்துக்கொண்டு, அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். புகை அவர் மூக்கிலும் ஏறியதுதான். ஆனால் எழுத்து பளபளக்கிறதா என்று பார்க்கிற கண்ணுக்கு மூக்கு சொன்னது கேட்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. பிராசோ இல்லாமல் அவர் வந்ததை ரெங்கசாமி மட்டும் கவனித்தார். அன்றும் யாரோ எங்கோ கேபிளை வெட்டியிருந்தார்கள், ஜென்செட் உறுமிக்கொண்டிருந்தது. பாலர் வகுப்பு மண்டபத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. ஆளில்லாத ஜன்னலுக்கு முன்னால் பக்கிரிசாமி திருப்புளியை எடுத்தார்.

ஏழு ஸ்குரூ வந்துவிட்டது. எட்டாவது அசையவில்லை. தான் முடுக்கியது அவ்வளவு லேசில் வராது என்பதில் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல், அறுபத்தேழு வயது மனிதர் எண்ணெய் விட்டார், தட்டினார், கெஞ்சினார், முடுக்கியவனின் அப்பாவைத் திட்டி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். கை தோல் உரிந்தபோது ஸ்குரூ சுழன்றது. பலகை ‘டங்’கென்று சிமென்ட் தரையில் விழுந்தது.

இஞ்சினின் குரல் மாறியது. திணறித் திணறி முனகிக்கொண்டிருந்தது, ஒரு பெருமூச்சு விட்டாற்போல் சீராகிவிட்டது. லோரிக்காரர் காது அதை உடனே பிடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கறுப்பாக வந்த புகை சாம்பல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. சாம்பல் புகையும் பிள்ளைகளுக்கு ஆகாது. அந்தச் சாம்பலுக்குத்தான் வடிகட்டி.

மதியம் தங்கமணி வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு எண்ணாயிரம் வெள்ளிக் காசோலை போனது. ஃபோன் வந்தது.

“அங்கிள், ரசீது யார் பேர்ல?”

“எழுதாத.”

“ஏதாச்சும் எழுதணும் அங்கிள்.”

“பாலர் வகுப்புன்னு எழுது. தங்கமணி...”

“சொல்லுங்க அங்கிள்.”

“அந்தக் குழாய்ல பேரு எழுதினா நெஜமாவே எரிஞ்சிடுமா?”

“எரிஞ்சிடும் அங்கிள்.”

“சரி. சும்மாதான் கேட்டேன்லா.”

வளைவுக்காகக் காத்திருந்த பெயின்டருக்கு முன்பணம் போனதுதான் மிச்சம். பலகை பண்டமாரான் வீட்டு வாசலில் சாக்கடை மேல் கிடக்கிறது, எழுத்துப் பக்கம் கீழே. மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்ற வசதியாக இருப்பதாக அவர் மனைவி சொல்கிறார். 

வடிகட்டி மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு வந்து சேர்ந்தது. ஜீவன் அதைப் பொருத்தி, ஓடவிட்டு, ஷாமினி டீச்சரின் வெள்ளைக் கைக்குட்டையைக் குழாய் வாயில் ஒரு நிமிடம் பிடித்து எடுத்தான். வெள்ளையாகவே இருந்தது. சூட்டில் ஓரம் மட்டும் சுருங்கியிருந்தது. டீச்சர் அதற்கு வருத்தப்படவில்லை. “அந்த போர்டு ஓனர் சண்டைக்கு வரலையா அங்கிள்?” என்று ஜீவன் கேட்டான்.

“வாய்தான்” என்றார் பக்கிரிசாமி. “ஆளு ஒண்ணும் இல்ல.”

அடுத்த திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல் பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் டப்பா இல்லை, துணி இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ரெங்கசாமி கதவைத் திறந்துவிட்டார்.

“போங்கண்ணே.”

பக்கிரிசாமி போகவில்லை. “புத்தகத்தைக் குடு.”

“எதுக்குண்ணே?”

“ரூல்ஸ்னு சொன்னல்ல?”

புத்தகத்தில் கட்டங்கள் சிறியவை. அவர் குனிந்து, பெயரைப் பொடி எழுத்தில் எழுதினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, ‘சும்மா’ என்று போட்டார். ரெங்கசாமி வருகையாளர் அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் பெயர் இல்லை. பெரிதாக ஓர் எண் மட்டும்.

அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தலைவழியாகப் போட்டு, அட்டையை நெஞ்சில் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தார்.

பாலர் வகுப்பின் ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. ஜென்செட்டின் முகத்தில் எட்டு ஓட்டைகள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மஹ்ஜபீன் அதையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள். படிக்க ஏதாவது வேண்டுமே அவளுக்கு.

“பலகை தாத்தா! ஏழு!”

“ஆமாம்மா” என்றார் பக்கிரிசாமி. “ஏழுதான்.”