உடைந்த குழாயும் இரண்டு சர்க்காரும்

எங்கள் சந்தின் மேற்கு முனையில் ஒரு சாலை குறுக்கே போகும். சாலைக்கு இந்தப் பக்கம் தண்டு, அதாவது பட்டாளத்துக்காக ஏற்பட்ட கன்டோன்மென்ட். இங்கே வெள்ளைக்காரத் துரைமார் ஆட்சி, அவர்களுக்குக் கீழே ஒரு நகரசபை. சாலையும் அதற்கு அப்பால் இருப்பதும் பேட்டை. அங்கே மைசூர் மகாராஜாவின் சர்க்கார், அதற்குக் கீழே வேறொரு நகரசபை. பெங்களூரில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் கிடையாது. தண்டில் தூங்கி எழுந்து பேட்டையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். என் அண்ணன் அப்படித்தான் பேட்டையில் ஒரு நூல் மில்லுக்குப் போய்வந்தான். அப்பா ராணுவ உடுப்புத் தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சிறு பெண்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா இல்லை. வீட்டுக்கு எஜமானி அண்ணிதான்.

அண்ணி பேட்டைக்காரி. அவளுடைய அப்பா வேலூரிலிருந்து வந்து பேட்டையில் குடியேறியவர். கீரைக்காரியோடு கன்னடத்தில் சண்டை போடுவாள், கறிக்கடை பாயோடு உருதுவில் பேரம் பேசுவாள், ஜெபம் மட்டும் தமிழில். வாய் ஓயாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அப்பாவோடு வாதம் ஆரம்பித்துவிட்டது.

“வெள்ளக்காரன் இருக்கிற எடத்துலதான் மோரி நாறாதும்மா” என்பார் அப்பா, வாசல் சாக்கடையைக் காட்டி.

“நாறாம எப்படி இருக்கும் மாமா? ஒங்க மோரித் தண்ணி எல்லாம் எங்க பக்கத்து ஏரிக்குல்ல வந்து சேருது” என்பாள் அவள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். மருமகளிடம் தோற்பதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

எங்கள் சந்துக்கெல்லாம் ஒரே ஒரு தெருக்குழாய். அதில் வந்த தண்ணீரின் கதையை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். தூரத்து ஏரியும், அங்கிருந்து வரும் பெரிய குழாயும் மைசூர் சர்க்காருடையவை. அந்தத் தண்ணீரைத் தண்டு நகரசபை வாங்கித் தன் சின்னக் குழாய்களில் விடும். எங்கள் சந்துக்கு வரும் குழாயோ பேட்டைச் சாலைக்கு அடியில் கிடந்தது. தண்ணீர் ஒருவருடையது, குழாய் இன்னொருவருடையது, மேலே இருக்கும் மண் மூன்றாமவருடையது. இதெல்லாம் யாருக்குத் தெரியும்? திருகினால் தண்ணீர் வந்தது, பிடித்துக்கொண்டோம்.

ஈஸ்டர் முடிந்து வெயில் ஏறியிருந்த சமயம் சாலையை அகலப்படுத்தினார்கள். கான்ட்ராக்டருடைய நீராவி ரோலர் நாள் முழுக்க முன்னும் பின்னும் போனது; வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் அதிர்ந்தன. மறுநாள் காலை குழாயைத் திருகினால் இருமல் மாதிரி ஒரு சத்தம், பிறகு காற்று. அண்ணி குடத்தை அப்படியே வைத்துவிட்டுச் சந்து முனைவரை நடந்து போய்ப் பார்த்தாள். சாலையோரத்தில், மோரிக்குப் பக்கத்தில், மண் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது.

“இங்கதான் ஒடஞ்சிருக்கு. ஒரு ஆள் அரை நாள் வேல செஞ்சா முடிஞ்சுது” என்றாள்.

அப்பா கோட்டும் தலைப்பாகையும் அணிந்து நகரசபைக்குப் போய் ஓவர்சியரைக் கையோடு அழைத்து வந்தார். அவர் நல்ல மனிதர், தமிழர்தான். குனிந்து பார்த்தார், குச்சியால் குத்திப் பார்த்தார்.

“கொழாய் நம்மளுதுதான் சார். ஆனா ஒடஞ்ச எடம் அவங்க ரோடு. அவங்க சம்மதம் இல்லாம கடப்பாரை வைக்க முடியாது.”

“கேட்டு வாங்குங்களேன்” என்றாள் அண்ணி.

“நாங்க நேரா கேக்க முடியாதும்மா. அது வேற சர்க்கார். இங்கேருந்து துரை ஆபீசுக்குப் போவணும், அங்கேருந்து திவான் ஆபீசுக்குப் போவணும், அப்பறம் கீழ எறங்கி வரணும்.”

“அது எறங்கி வர்றதுக்குள்ள நாங்க மேல போயிடுவோம்!”

ஓவர்சியர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பக்கத்துச் சந்துக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அங்கே போனால் அந்தச் சந்துப் பெண்கள் குடத்தை எட்டி உதைத்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது; அவர்களுக்கே போதவில்லை. பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த ஒரு நாள் அண்ணி என்னை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு பேட்டைக்குக் கிளம்பினாள்.

“நம்ம சர்க்காரு. கன்னடத்துல கேட்டா ஏன் செய்ய மாட்டாங்க?” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பேட்டை நகரசபையில் இருந்த அதிகாரி அவளுடைய கன்னடத்தைக் கேட்டு முகம் மலர்ந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சாலை அவர்களுடையதுதானாம், ஆனால் அகலப்படுத்தும் வேலை சர்க்காரின் மராமத்து இலாகாவுடையதாம். வேலை முடிந்து சாலை திரும்பக் கைக்கு வரும்வரை அவர்கள் அதில் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாதாம். மராமத்து இலாகாவுக்குப் போனோம். எஞ்சினியர் கேம்ப் போயிருந்தார். அவருக்குக் கீழே இருந்தவர், குழாயை ஆழமாகப் புதைக்காதது தண்டு நகரசபையின் தவறு, அவர்கள் துரை மூலமாக முறைப்படி கேட்டால் உடனே கவனிப்போம் என்றார். வெளியே வந்தபோது வாசலில் இருந்த சேவகன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “நம்தல்லம்மா” என்று கையை விரித்தான். எங்களுடையது இல்லையம்மா என்று அர்த்தம்.

“தண்டுல இருக்கிற பியூன் ‘ஹமாரா நை’ன்றான், இங்க ‘நம்தல்ல’ன்றான். ஒரே பதிலு, பாஷதான் வேற” என்றாள் அண்ணி.

எங்கள் வார்டு மெம்பர் ஒரு மரவாடிக்காரர். அவரும் வந்து பார்த்தார். கூட்டத்தில் பேசுகிறேன் என்றார், பேசவும் செய்தார். அது பத்திரிகையில் வந்தது. அண்ணன் அதை வெட்டி வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான். அதோடு சரி.

கடைசியில் சந்து ஆண்கள் கூடிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் ஒரு குழாய் மேஸ்திரியைக் கூட்டிவந்தார்கள். அண்ணன்தான் கடப்பாரையை வாங்கி முதலில் குத்தினான். முழங்கால் ஆழம் தோண்டியிருப்பார்கள், பேட்டைப் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார். சர்க்கார் சாலையைத் தோண்டக் கூடாது என்று கடப்பாரையையும் அண்ணனையும் சேர்த்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். மற்றவர்கள் கலைந்துவிட்டார்கள். அண்ணி போய் இன்ஸ்பெக்டரிடம் பேசி, பொழுது சாய்வதற்குள் அண்ணனை மீட்டு வந்தாள்.

“நியாயம் ஒங்க பக்கம்தான்னு சொன்னாரு” என்றாள்.

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஓவர்சியர், மெம்பர், கன்னடம் கேட்டு மகிழ்ந்த அதிகாரி எல்லாரும். ஒருவராவது எங்களைத் திட்டித் துரத்தியிருந்தால், யாரோடு சண்டை போடுவது என்றாவது தெரிந்திருக்கும்.

பாதி தோண்டிய குழி அப்படியே கிடந்தது. மறுநாள் காலை அதில் தண்ணீர் நிறைந்திருந்தது. குழாயிலிருந்து ஊறிய தண்ணீர்தானே, பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. சந்துப் பெண்கள் செம்பால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். குழிக்கும் மோரிக்கும் நடுவே ஒரு வரப்பு அளவு மண்தான். வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்ச வேண்டும் என்பதில் அப்பா கண்டிப்பாக இருந்தார்; அண்ணியும் காய்ச்சித்தான் கொடுத்தாள். ஆனால் அந்த வெயிலில் குழியருகே உட்கார்ந்து குடம் குடமாக மொள்ளுகிறவள், ஒரு கை அள்ளிக் குடிக்காமல் இருப்பாளா?

முதலில் எதிர் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். பிறகு அண்ணிக்கு. இறங்காத காய்ச்சல். டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, டைபாய்டு, ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். சேர்த்தோம்.

அதற்குப் பிறகுதான் தண்டு சுகாதார அதிகாரி எங்கள் சந்துக்கு வந்தார். கூட வந்த ஆட்கள் வீட்டு வாசல்களிலும் மோரியிலும் டப்பாவிலிருந்து கிருமி கொல்லும் வெள்ளைத் தூளைத் தூவிக்கொண்டே போனார்கள். சாலை ஓரம் வந்ததும் நின்றுவிட்டார்கள்.

“அந்தக் குழிக்கு?” என்று கேட்டேன்.

“அது எங்க எல்லையில இல்லியேம்மா” என்றார் அதிகாரி. அவர் குரலில் அலட்சியம் இல்லை. குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“டப்பாவை என் கையில குடுங்க சார். நான் போடுறேன்.”

அவர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஆளிடமிருந்து டப்பாவை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான் போய்க் குழியில் கொட்டினேன். தண்ணீர் பாலாக வெளுத்தது. மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பார்த்தேன். ஊற்றுத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது, பழையபடி தெளிந்திருந்தது. ஒருத்தி குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்றேன். “வேற எங்க போவறது டீச்சரம்மா?” என்றாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு ஜன்னி கண்டது. தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் மாற்றி மாற்றிப் பேசினாள். “ஸ்வாமி, ஸ்வல்ப நோடி ஸ்வாமி” என்று யாரோ ஒரு அதிகாரியிடம் கெஞ்சினாள், கொஞ்சம் பாருங்கள் என்று. அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருமில்லம்மா, நான்தான், நான்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நானும் அப்பாவும் வெளி வராந்தாவில் நின்றோம். எதிர் வீட்டுப் பிள்ளைகளில் சின்னது இறந்துபோனதாக அங்கேதான் கேள்விப்பட்டோம்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே ஒரு காலையில் கூலிகள் சிலர் வந்தார்கள். குழியை ஆழப்படுத்தினார்கள், உடைந்த துண்டை அறுத்து எடுத்தார்கள், புதுத் துண்டு வைத்தார்கள், மூடினார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. எந்த ஆபீசிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டேன். “மேஸ்திரி கூட்டியாந்தாரும்மா” என்றார்கள். மேஸ்திரி போய்விட்டிருந்தார். யார் யாரிடம் கேட்டு, யார் சம்மதம் கொடுத்தார்கள் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. குழாயில் முதலில் செம்மண் நிறத்திலும் பிறகு சுத்தமாகவும் தண்ணீர் கொட்டியது. சந்துப் பெண்கள் குழாய்க்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். அப்பா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

காய்ச்சல் விட்டது. அண்ணி பிழைத்தாள். ஆனால் அண்ணன் கட்டிலருகே நின்று கூப்பிட்டபோது அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் திரும்பி, “எப்ப வந்தீங்க?” என்றாள், வார்டு முழுக்கக் கேட்கிற குரலில். சில பேருக்கு இந்தக் காய்ச்சல் காதை எடுத்துவிடும், கொஞ்ச நாளில் சரியாகலாம் என்றார் டாக்டர். சரியாகவில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் சத்தமாகப் பேசினாள். தெருவில் பிள்ளைகள் சிரித்ததைப் பார்த்த பிறகு குறைத்துக்கொண்டாள். கீரைக்காரி வந்தால் உள்ளே போய்விடுவாள். பேரம் நான்தான் பேச வேண்டும். ஒருவர் திருப்பிச் சொல்வது கேட்காதபோது சண்டை போடுவதில் என்ன இருக்கிறது? கன்னடம் போயிற்று, உருது போயிற்று, எங்களோடு பேசும் தமிழ் மட்டும் மிஞ்சியது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கல்பலகை கொண்டுவந்து கொடுத்தேன். அதில் எழுதித்தான் அவளோடு பேசினோம். அப்பா அவளோடு வாதம் செய்ய ஆசைப்பட்டு எழுதுவார். எழுதி முடிப்பதற்குள் வாதத்தின் சூடு ஆறிவிடும். அழித்துவிடுவார். இப்படியே சில வருஷங்கள் இருந்து அவர் போய்ச் சேர்ந்தார்.

பிறகு யுத்தம் வந்து போனது. வெள்ளைக்காரர்களும் போனார்கள். தண்டை மைசூரோடு சேர்த்து, இரண்டு நகரசபைகளையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. சந்தில் சாக்லேட் கொடுத்தார்கள். நான் அதைப் பலகையில் எழுதி அண்ணியிடம் நீட்டினேன்: இனிமேல் தண்டு, பேட்டை என்று இரண்டு இல்லை, எல்லாம் ஒன்றுதான்.

அவள் நிதானமாகப் படித்தாள். அந்த வாரம் முழுவதும் எங்கள் மோரி அடைத்துக்கொண்டு வாசலில் வழிந்துகொண்டிருந்தது.

“அப்ப இதுக்கு எந்த ஆபீசுக்குப் போவணும்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் எழுதிக் காட்டினேன்.