மாமியின் வளவில் ஒரு ருபாப்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் பாலமுனையிலிருந்து ஒரு சூட்கேசோடு கல்முனைக்கு வந்தவன். வீடு மனைவியின் பெயரில், சுற்றியுள்ள வளவு அவளுடைய உம்மாவான மாமியின் ஆட்சியில். தென்னை, மாதுளை, முருங்கை எல்லாம் மாமி நட்டவை. ஒரு செடியையாவது காட்டி ‘இது என்னுடையது’ என்று சொல்ல வேண்டும் எனக்கு. ஆசை யாரை விட்டது?

மலைநாட்டுக் குளிரூரான நுவரெலியாவுக்குப் போனபோது அலங்கார ருபாப் என்ற செடியைக் கண்டேன். நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டளவு இலை, அடிப்பக்கம் சிவப்பு. வருடா வருடம் தானே துளிர்க்கும் என்றார் விற்றவர். வெயில் ஆகாது என்றும் சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொண்டுவந்து கேற்றடியில் நட்டேன்.

“கறிக்கு ஆகுமா மகன்?” என்றார் மாமி.

“இல்ல மாமி, இலை நஞ்சு.”

“அல்லாஹ்வே! மலையில இருந்து நஞ்சைச் சுமந்து வந்து வாசல்ல நட்டிருக்காரே!”

அடுத்த நாளே செடி துவண்டுவிட்டது. குளிர்தானே கேட்கிறது? கடலோர ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? மீன் கடையில் ஒரு வாளி உடைத்த ஐஸ் வாங்கி வந்து வேரைச் சுற்றிக் கொட்டினேன். அது மீன் பெட்டிக்குள் கிடந்த ஐஸ் என்று எனக்குத் தெரியும். பூனைகளுக்கும் தெரியும் என்பதுதான் தெரியாது.

அஸர் தொழுதுவிட்டு வந்தால் தெருப் பூனையெல்லாம் என் செடியடியில். மண்ணைக் கிளறி, இலையைக் கிழித்து ஒரே அமர்க்களம். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இஞ்சருங்க, மறுகா நெத்தலியும் நடுவமா?”

எனக்கு அழுகையே வரப் பார்த்தது. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். வெளியே மாமி விளக்குமாற்றோடு பூனைகளைத் துரத்தும் சத்தம் கேட்டது.

“மகன்ட மரத்தில வாய் வெச்சா கால முறிச்சிருவன்!”

மகன்ட மரம்! படுத்த இடத்திலேயே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனாலும் செடி பிழைக்கவில்லை. பிடுங்கினால் வேர் கூழாய் வந்தது. மண்ணைத் தள்ளி மூடப் போனேன். மாமி தடுத்தார்.

“அந்த இடம் உங்களுக்குத்தான் மகன். மறுகா ஒரு செடி நடக்குள்ள இஞ்சத்த வெயில் தாங்கிறதாப் பார்த்து நடுங்க. பக்கத்து ஊரால வந்த நீங்களே இஞ்ச வேர் புடிக்க எவ்வளவு நாள் எடுத்தீங்க? நுவரெலியாக்காரன், பாவம், அவன் என்ன செய்வான்!”